படமும் பழங்குடியும்



பிறந்த மண்ணை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஊர்ச் செய்தியைக் கொண்டுவந்தவர் முன்பு தபால்காரர். இன்று அந்த வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருப்பவரும், தாராவியில் தொழில் செய்பவரும், பெங்களூரில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவரும் காலையில் முதலில் காண்பது உறவினர் எவரேனும் அனுப்பிய ஒரு படமாகவே இருக்கிறது. படத்தின் மேலும் கீழும் இரண்டொரு வரி; பார்த்தவுடன் சிரிப்பு; சிரித்து முடிக்குமுன்பே அதனை இன்னொருவருக்கு அனுப்பிவிடுகிறோம். தமிழ் இளைஞர் இதனை மீம் என வழங்குகின்றனர். மலையாள நண்பர்கள் ட்ரோல் என்பர்.

மீம் என்ற சொல்லை 1976-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற ஆங்கில உயிரியலறிஞர் தமது நூலொன்றில் படைத்தார். மரபணு உடலிலிருந்து உடலுக்குச் செல்வது போல, ஒரு பாட்டின் மெட்டோ, ஒரு வழக்கமோ, ஓர் எண்ணமோ மனத்திலிருந்து மனத்திற்குத் தாவிச் செல்கிறது. அத்தகைய பண்பாட்டுத் துணுக்கிற்கு ஒரு பெயர் வேண்டும் என்று அவர் கருதினார். அப்போது இணையம் மக்கள் கைக்கு வந்திருக்கவில்லை. பிற்காலத்தில் அந்தச் சொல், கேலிப் படத்தோடு ஒட்டிக்கொண்டது.

இந்தத் துணுக்குகள் மாநில எல்லையை மதிப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நேசமணி என்ற பெயர் ஒன்றிரண்டு நாள் உலகெங்கும் ஓடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ‘பிரண்ட்ஸ்’ என்ற திரைப்படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. தலையில் சுத்தியல் விழுந்த அந்தக் கற்பனை மனிதருக்காகப் பல்லாயிரவர் விளையாட்டாகப் பிரார்த்தனை செய்தனர். தமிழில் 2001-இல் வந்த அப்படம், 1999-இல் மலையாளத்தில் வந்த படத்தின் மறுவடிவம். இரண்டையும் இயக்கியவர் சித்திக். மலையாளத்தில் அதே வேடத்தை ஏற்றவர் ஜகதி ஸ்ரீகுமார். ஆகவே ஒரே சுத்தியல் இரண்டு மொழிகளில் இரண்டு தலைகளில் விழுந்து இரண்டு மக்களையும் சிரிக்க வைத்திருக்கிறது. இத்தகைய சிரிப்பில் எவருக்கும் நட்டமில்லை.

ஆயினும் எல்லாப் படமும் இவ்வகையைச் சேர்ந்ததன்று. கேரளத்தில் வாழும் தமிழர் ‘பாண்டி’ என்ற சொல்லை அறிவர். பழம்பெருமை வாய்ந்த ஓர் அரச மரபின் பெயர், எண்ணெய் வழியும் தலையும் அழுக்கு வேட்டியும் கொண்ட ஒரு மனிதனைச் சுட்டும் ஏச்சாக மாறிய கதையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மலையாளத் திரையில் அந்த மனிதன் பலமுறை வந்துபோனான். பிறகு திரையிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டுப் படத்துணுக்குகளிலும் வந்தான். நம்மவரும் சும்மா இருந்தார்களா? தேநீர்க் கடை நாயரையும் தேங்காயெண்ணெயையும் வைத்துத் தமிழ்ப் படங்கள் செய்த கேலிக்கு அளவில்லை. முல்லைப் பெரியாறு அணைச் செய்தி எழும்போதெல்லாம் இரு பக்கத்துக் கைப்பேசிகளும் சூடேறுகின்றன. இது சமமானவர்களின் சண்டை. ஒருவர் அடித்தால் மற்றவர் திருப்பி அடிக்கிறார்.

திருப்பி அடிக்க வகையில்லாதவரின் முகம் படமாகும்போது என்ன நேர்கிறது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் பழங்குடி மக்கள் 4,84,839 பேர். மாநில மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. அதே கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் கூறிக்கொண்டவர்களும் அம்மாநிலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேரே. எண்ணிக்கையில் இரு சாராரும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் நமக்குப் பின்னால் ஏழு கோடி மக்கள் கொண்ட ஒரு மாநிலமும், அதன் நாளிதழ்களும், திரைப்படத் தொழிலும் நிற்கின்றன. காணிக்காரருக்கும் மன்னாருக்கும் பின்னால் நிற்பது மலை ஒன்றே.

2023-ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் 7 வரை திருவனந்தபுரத்தில் ‘கேரளீயம்’ என்ற பெருவிழா நடைபெற்றது. நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்த நாள். 1956-இல் கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்த நாளும் அதுவே. விழாவின் ஒரு பகுதியாகக் கனகக்குன்று அரண்மனை வளாகத்தில் கேரள நாட்டார் கலை அகாதெமி ‘ஆதிமம்’ என்ற பெயரில் ஒரு ‘வாழும் அருங்காட்சியகம்’ அமைத்தது. ஓலையாலும் மூங்கிலாலும் குடில்கள் எழுப்பப்பட்டன. ஊராளி, மாவிலர், காணி, மன்னான், பளியர் என்னும் ஐந்து குடிகளைச் சேர்ந்தோர் மரபுடை அணிந்து அக்குடில்களின் முன்னே அமர்ந்திருந்தனர். விழாவுக்கு வந்தவர்கள் அவர்களைச் சுற்றி நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டனர். கனகக்குன்றுக்கு அருகிலேயே நகரத்தின் அருங்காட்சியகமும் விலங்குக்காட்சிச் சாலையும் உள்ளன என்பதைத் திருவனந்தபுரத்து அன்பர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

அந்தப் படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. பரவியவுடன் கண்டனம் எழுந்தது. மனிதரைக் காட்சிப்பொருளாக்குவதா என்று பழங்குடி இளைஞர்களும் எழுத்தாளர்களும் வினவினர். வந்திருப்போர் தம் கலையை நிகழ்த்த வந்த கலைஞர், காட்சிக்கு வைக்கப்பட்டவர் அல்லர் என்று அமைப்பாளர் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அந்நாளில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நலத் துறை அமைச்சராக இருந்த கே. ராதாகிருஷ்ணன், பழங்குடி மக்களைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறினார்.

அமைப்பாளரின் விளக்கத்தில் உண்மை இல்லையென்று நாம் கூற மாட்டோம். ஆடவும் பாடவும் அவர்கள் வந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேடையில் ஆடுபவரை நாம் பார்க்கும் பார்வை வேறு. குடிலின் முன்னே வெறுமனே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும் பார்வை வேறு. ஆட்டம் முடிந்தால் கதகளிக் கலைஞர் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் பேருந்து ஏறுகிறார். அவர் ஓய்வெடுப்பதை எவரும் கலை என்று படமெடுப்பதில்லை. ‘அருங்காட்சியகம்’ என்ற சொல்லே இங்குக் கெடுதலைச் செய்துவிட்டது. ஐரோப்பாவில் 1870-களில் கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வணிகர், வடதுருவப் பகுதியின் சாமி இன மக்களைக் கலைமான்களோடு கொண்டுவந்து ஜெர்மானியர் முன் காட்டிக் கட்டணம் வாங்கினார். அடுத்த பத்தாண்டில் அவர் இலங்கையிலிருந்தும் ஆட்களையும் யானைகளையும் கொண்டு சென்றார். கனகக்குன்றில் கூண்டும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆயினும் வரலாறு அறிந்தவர்க்கு அந்தக் காட்சி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

இங்கே ஒரு முரண் உண்டு. இந்த ஏற்பாட்டைக் கண்டித்தவர்களும் அதே படத்தைத்தான் பகிர்ந்தார்கள். நேரில் கண்டவர் சில ஆயிரம் எனில், கண்டனத்தால் கண்டவர் அதனினும் பன்மடங்கு. ஒரு படம் தன்னைப் பழிக்கும் கையாலும் பரவும். படத்தில் இருந்தவரோ, தம் முகத்தை எத்தனை பேர் கண்டனர் என்பதை அறிய வழியின்றி மலைக்குத் திரும்பியிருப்பார்.

அந்த ஐந்து குடிகளில் பெரும்பாலோர் நமக்கு அயலாரும் அல்லர். இடுக்கி மாவட்டத்துக் கோழிமலையில் இன்றும் ஓர் அரசரைக் கொண்டுள்ள மன்னான் மக்கள், தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர் என்று கூறிக்கொள்கின்றனர். அவர்கள் நிகழ்த்தும் மன்னான் கூத்தின் கதை எது தெரியுமா? கோவலன் கண்ணகி கதை. மதுரையில் நாம் ஏட்டில் படிக்கும் கதையை அவர்கள் காட்டில் ஆடிக் காத்திருக்கிறார்கள். பளியரோ பழனி மலையிலும் கொடைக்கானலிலும் வருசநாட்டிலும் வாழ்பவர். எல்லைக்கோடு அவர்களைக் குமுளிக்கு இப்புறமும் அப்புறமுமாகப் பிரித்திருக்கிறது. காணிக்காரரின் செய்தியும் இதுவே. அகத்திய மலையின் மேற்குச் சரிவில் விதுரை, பெரிங்ஙம்மலை, குற்றிச்சல் பக்கங்களில் உள்ளவர் கேரளத்தார். கிழக்குச் சரிவில் பாபநாசம், காரையாறு பக்கத்திலும், தெற்கே பேச்சிப்பாறை மலைகளிலும் உள்ளவர் தமிழ்நாட்டார். அவர்தம் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து நிற்கின்றன. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசிக்கொண்டு அவர்கள் பாடும் சாற்றுப் பாட்டைக் கேட்பவர், இது எந்த மொழி என்று வரம்பு கட்டிக் கூறத் தயங்குவர். பாண்டி என்று நம்மை ஏசுவோரும், காட்டுவாசி என்று இவர்களை ஏசுவோரும் பெரும்பாலும் ஒருவரே என்பது தற்செயலன்று.

காணிக்காரரைப் பற்றி மற்றொரு செய்தியும் கூற வேண்டும். 1987-ஆம் ஆண்டின் இறுதியில் அகத்திய மலையில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர் சிலர் ஏறி ஏறிக் களைத்துப் போயினர். வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் மட்டும் ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். வற்புறுத்திக் கேட்ட பின்பே அவர்கள் அந்தச் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப் பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர், டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில், அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கினர். 1995-இல் கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதனைத் தயாரிக்கும் உரிமை 10 லட்சம் ரூபாய்க்குத் தரப்பட்டது; விற்பனையில் நூற்றுக்கு இரண்டு விழுக்காடு உரிமைத் தொகை. இவ்விரண்டிலும் பாதி காணிக்காரருக்குச் சேர வேண்டும் என்று முடிவாயிற்று. 1997-இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு தருவதில் உலகுக்கே ஒரு முன்மாதிரி என்று அந்நாளில் இது போற்றப்பட்டது. நடைமுறையில் குறைகள் இருந்தன. எல்லாக் காணிக்காரரையும் கேட்டுச் செய்யவில்லை என்ற குறையும் சொல்லப்பட்டது. அது கிடக்கட்டும். ஒரு செடியைக் காட்டியவருக்குப் பங்கு உண்டு என்ற கொள்கையேனும் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு முகத்தைத் தந்தவருக்கு அப்படிப்பட்ட பங்கு எதனையும் இன்றுவரை எவரும் பேசியதில்லை.

குடிலைப் பற்றிச் சொன்னோம். திருவனந்தபுரம் பழங்குடியினரின் குடிலைக் கண்டது 2023-இல் முதன்முறையன்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், சி. கே. ஜானுவின் தலைமையில் மலைமக்கள் தலைமைச் செயலகத்தின் வாயிலில் வந்து குடில் கட்டி அமர்ந்தனர். அட்டப்பாடியிலும் வயநாட்டிலும் பட்டினிச் சாவுகள் நேர்ந்த காலம். நிலம் தந்தாலன்றி எழ மாட்டோம் என்று கூறி 48 நாட்கள் அங்கேயே சமைத்து உண்டு உறங்கினர். அக்டோபர் 16-ஆம் நாள் முதலமைச்சர் ஏ. கே. அந்தோணியோடு உடன்பாடு ஏற்பட்ட பின்னரே குடில்கள் பிரிக்கப்பட்டன. வாக்குறுதி முழுமையாக நிறைவேறவில்லை என்று, 2014-இல் மீண்டும் அதே வாயிலில் 162 நாட்கள் நின்றுகொண்டே போராடினர். செயலகத்திலிருந்து கனகக்குன்று சிறிது தொலைவே. ஓலை அதே ஓலை. முதற்குடிலைக் கட்டுவதென்று முடிவு செய்தவர் அதில் வாழ்ந்தவர். இரண்டாவது குடிலைக் கட்டுவதென்று முடிவு செய்தவர் வேறொருவர். செயலக வாயிலில் எடுத்த படத்தைப் பார்த்து எவரும் அதனை அருங்காட்சியகம் என்று கூறவில்லை.

இனி, சொல்லக் கடினமான ஒன்று. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் அட்டப்பாடியில் மது என்ற பழங்குடி இளைஞர், அரிசியும் சாமானும் திருடினார் என்ற பழியின் பேரில் ஒரு கூட்டத்தாரால் காட்டிலிருந்து பிடித்து வரப்பட்டு, கைகள் கட்டப்பட்டு, அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்களில் ஒருவர், கட்டுண்டு நின்றவரைப் பின்னால் வைத்துத் தம் முகமும் விழும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் வெளியே வந்தது. வேடிக்கைக்காக எடுக்கப்பட்ட அப்படமே நாடு முழுவதும் அந்தக் கொடுமையை அறிவித்தது. ஓவியர் பலர் அந்த உருவத்தை வரைந்தனர். கவிதைகள் எழுந்தன.

வழக்கு ஐந்தாண்டு நடந்தது. சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தனர். 2022-இல் ஒரு சாட்சியின் முன் நிகழ்ச்சியின் காட்சிப் பதிவு ஓட்டிக் காட்டப்பட்டது; அதில் அவரே நின்றுகொண்டிருந்தார். அவரோ தமக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்றார். நீதிமன்றம் அவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பியது. கண்ணில் பழுதில்லை என்று அறிக்கை வந்தது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு தனி நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டு, அவர்களில் பதின்மூவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. மனிதர் மாற்றிச் சொன்னாலும் படம் மாற்றிச் சொல்லவில்லை.

இந்நிலையில், மலைமக்களைக் கேலிப் படமாக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தல் வேண்டும். கைப்பேசிக்கு முன்பே அது திரையில் இருந்தது. 2002-இல் மலையாளத்தில் ‘பேம்பூ பாய்ஸ்’ என்ற நகைச்சுவைப் படம் வந்தது. நகரத்துப் பொருள் எதுவும் அறியாத அசடுகளாக மலைமக்களை அது காட்டியது. கதை மறந்தாலும் அதுபோன்ற காட்சிகள் மறைவதில்லை. வெட்டியெடுத்த துணுக்குகள் கதையை விட நெடுநாள் வாழ்கின்றன. தமிழிலும் இதற்குக் குறைவில்லை. நரிக்குறவர் வேடம் போட்டு நகைக்க வைக்காத பழைய நகைச்சுவை நடிகர் அரியர். சிரிக்கப்பட்டவர் திரையரங்கின் வாயிலில் மணி விற்றுக்கொண்டிருந்தார். 2023 மார்ச்சில் சென்னையில் அனுமதிச் சீட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை ஒரு திரையரங்கில் உள்ளே விட மறுத்தனர். அருகில் நின்ற ஒருவர் அதனைக் கைப்பேசியில் பதிவு செய்து வெளியிட்டார். சற்று நேரத்தில் கதவு திறந்தது.

கடல் கடந்த நாடுகளிலும் இதே கதை உண்டு. 1971-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில், குப்பை கொட்டப்பட்ட நிலத்தைக் கண்டு ஒரு செவ்விந்தியர் ஒற்றைக் கண்ணீர் வடிக்கும் விளம்பரம் வந்தது. அமெரிக்கர் உருகினர். பின்னர் அந்த முகம் எண்ணற்ற கேலிப் படங்களாயிற்று. ஆனால் கண்ணீர் வடித்தவர் பழங்குடியினரே அல்லர். இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த நடிகர். 2023-இல் அந்த விளம்பரத்தின் உரிமை அமெரிக்கப் பழங்குடியினரின் தேசிய அமைப்பைச் சேர்ந்த நிதியத்திற்கு மாற்றித் தரப்பட்டது. அவர்கள் செய்த முதற்காரியம், அதற்கு ஓய்வு கொடுத்ததே.

அந்நாட்டு இளைஞர் மற்றொன்றும் செய்தனர். ‘அப்படியானால் போவோம்’ என்பதற்குத் தங்கள் குடியிருப்புகளில் பேசும் கொச்சை உச்சரிப்பை அப்படியே எழுதி ‘ஸ்கோடன்’ என்று ஆக்கினர். பழங்குடியினர் படங்களோடு அதைச் சேர்த்துத் தமக்குள் பரப்பினர். அயலாருக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை, ஏனெனில் பொருளே விளங்காது. 2018-இல் கனடாவின் சட்பரி நகரத்து நீர்த்தொட்டியின் உச்சியில் எவரோ அச்சொல்லைப் பெரிதாக எழுதி வைத்தனர். நகரத்தார் திகைத்து நிற்க, பழங்குடியினர் நாடெங்கும் சிரித்தனர். தம்மைப் பற்றித் தாமே சிரித்துக்கொள்வதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. திருநெல்வேலிக்காரர் தம் ‘ஏலே’யைக் குறித்துச் சிரிப்பது போல.

நம் மலைகளிலும் அது தொடங்கியிருக்கிறது. அட்டப்பாடியின் நஞ்சியம்மா ஆடு மாடு மேய்த்தவர். இருளர் மொழியில் பாடுபவர். 2020-இல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் அவர் பாடிய பாட்டு எல்லையைத் தாண்டியது. தமிழ்நாட்டில் அதனைக் கேட்டவர் மொழிபெயர்ப்புத் தேடவில்லை. இருளர் மொழி தமிழுக்கு அத்தனை அண்மை. 2022 சூலையில் அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது அறிவிக்கப்பட்டது. முறையாகச் சங்கீதம் பயிலாதவருக்கு விருதா என்று சிலர் முணுமுணுத்தனர். அன்று சமூக ஊடகங்களில் எழுந்த மறுமொழிகளில் நஞ்சியம்மாவின் சிரித்த முகமே பேசிற்று. எவரும் அவரைக் குடிலின் முன்னே உட்கார்த்தி வைத்து எடுத்த படமன்று அது.

2025 சனவரியில் கேரளப் பள்ளிக் கலைவிழா திருவனந்தபுரத்தில் கூடியபோது, மங்கலங்களி, பணிய நடனம், இருள நடனம், பளிய நடனம், மலைப்புலையர் ஆட்டம் என்னும் ஐந்து மலைக்கலைகள் முதன்முறையாகப் போட்டியில் இடம்பெற்றன. ஆடிய சிறுவர் அனைவரும் அக்குடிகளில் பிறந்தவரல்லர். பரதமும் மோகினியாட்டமும் மதிப்பெண்ணுக்காகப் பட்ட பாட்டை இந்த ஆட்டங்களும் படுமோ என்று நமக்கு ஓர் அச்சம் உண்டு. ஆயினும் கனகக்குன்றுக்கும் இதற்கும் நடுவே ஓராண்டும் சில வாரங்களுமே கழிந்திருந்தன.

வானொலி உரையாதலால், முகம் இல்லாத ஊடகம் ஒன்றையும் குறிப்பிடுகிறோம். வயநாட்டில் 2009 முதல் ‘மாற்றொலி’ என்ற சமுதாய வானொலி இயங்கி வருகிறது. அதில் பழங்குடியினருக்கென ‘துடிச்சேதம்’ என்ற நிகழ்ச்சி உண்டு. துடி என்பது பணியர் கொட்டும் பறை. மலைமக்கள் தம் மொழியிலேயே பேசுகின்றனர், பாடுகின்றனர். கேட்பவருக்கு அவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்பது தெரிவதில்லை.